பாகம் வேறு, பங்கு வேறு

பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிடம். நான் முதலில் பார்த்தது தட்டச்சரின் விரல்களை. அவை விசைகளுக்குச் சற்று மேலே, எதையும் தொடாமல் நின்றன. சாட்சி பதில் சொல்லி முடித்திருந்தார். அந்தப் பதிலை ஆங்கிலத்தில் சொல்லிப் பதிவு செய்யத் தொடங்கிய நீதிபதி, பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார்.

"ஷேர்னு அடிக்கட்டுங்களா, ஐயா?" என்று தட்டச்சர் கேட்டார்.

நீதிபதி சாட்சியைப் பார்த்தார். சாட்சி என்னைப் பார்த்தார். நான் மேசைமேல் விரித்திருந்த வழக்குரையைப் பார்த்தேன். ஏழாவது பத்தியில் அந்தச் சொல் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது: ஷேர். வழக்கு தொடங்கிய நாளிலிருந்து அது அங்கேதான் இருந்தது. இரு தரப்பு வழக்கறிஞர்களும் அதைப் பலமுறை படித்திருந்தோம்.

"அந்தம்மா சொன்ன சொல்லையே போடுங்க," என்றார் நீதிபதி. "தமிழ்ச் சொல்லாவே இருக்கட்டும். பங்கு."

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக, கம்பெனி வழக்குகளில் கடைசி நேரத்தில் வரும் திருத்த மனுக்களைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். சட்டப் பிரிவும் தீர்ப்புகளும் உங்கள் அலமாரியில் இருக்கின்றன. அவற்றை நான் திரும்ப எழுதப் போவதில்லை. வழக்கறிஞராவதற்கு முன் சில ஆண்டுகள் ஒரு பத்திரிகைக்காக நீதிமன்றச் செய்தி எழுதியவன் நான். நடந்ததை நடந்த வரிசையில் சொல்வதுதான் எனக்குப் பழக்கம். இரண்டாயிரங்களின் நடுவில், புதுச்சேரியில் நடந்த ஒரே ஒரு வழக்கைச் சொல்கிறேன். அதில் மூன்று பேருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். முதலாமவர் அந்தத் தட்டச்சர். சந்தேகம் வந்த இடத்தில் ஊகித்து அடிக்காமல் கேட்டார். அவர் கேட்காமல் அடித்திருந்தால் இந்தக் கதை இல்லை.

உப்பளம் பகுதியில், பழைய துறைமுகத்துக்கு நடந்து போகும் தூரத்தில், ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான ஐஸ் கம்பெனி இருந்தது. மீனவர்களுக்கு ஐஸ், வியாபாரிகளுக்குக் குளிர்பதனக் கிடங்கு. அதை ஆரம்பித்தவர் ஒரு கத்தோலிக்கப் பெரியவர். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் மதலேன், ஓய்வு பெற்ற செவிலியர். இளையவர் அந்துவான், அப்பாவுக்குப் பிறகு கம்பெனியை நடத்தியவர்.

பெரியவர் இறப்பதற்குக் கொஞ்ச காலம் முன்பு, தன் பெயரில் இருந்த ஷேர்களை மகள் மதலேனுக்கு மாற்றி ஒரு படிவத்தில் கையெழுத்திட்டார். கம்பெனி யார் கையில் என்பதைத் தீர்மானிக்கும் அளவுக்கு அவை இருந்தன. அவர் இறந்த பிறகு, அந்துவானின் தலைமையில் இருந்த இயக்குநர் குழு அந்த மாற்றத்தைப் பதிவு செய்ய மறுத்தது. அக்கா உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டதால் தானே அப்பாவின் ஒரே வாரிசு என்று சொல்லி அவற்றைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட அந்துவான், மொத்தக் கம்பெனியையும் சென்னையிலிருந்த ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்க ஒப்பந்தம் போட்டார். மதலேன் வழக்குத் தொடுத்தார். கம்பெனி, தம்பி, வாங்க வந்த நிறுவனம் மூவரும் பிரதிவாதிகள். விற்பனைக்கு இடைக்காலத் தடை, அதன்மேல் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு, கம்பெனிச் சட்டத்தின் கீழ் தனியாக ஒரு மனு என்று அந்த வழக்கு வளர்ந்துவிட்டது. அது என்னிடம் வந்தபோது கட்டுகளை வைக்கத் தனி அலமாரி வேண்டியிருந்தது.

மதலேனுக்காக வழக்குரையை எழுதியவர் நான் அல்ல. எழுதியவர் பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த கூர்மையான வழக்கறிஞர். அரசுத் தரப்பில் பொறுப்புக் கிடைத்ததும், கையிலிருந்த தனியார் வழக்குகளைப் பிரித்துக் கொடுத்தார். இது என் பங்குக்கு வந்தது. பாருங்கள், இப்போதும் அந்தச் சொல் தானாகவே வந்து விழுகிறது.

ஏழாவது பத்தி சொன்னது இதுதான்: தந்தை இந்த ஷேர்களைத் தன் மகளுக்கு, குடும்பச் சொத்தில் அவளுக்குச் சேர வேண்டிய பங்குக்காகக் கொடுத்தார்.

தம்பியின் பதில் எளிமையானது, பலமானதும்கூட. அக்காவுக்கு முதலியார்பேட்டையில் ஒரு வீடு கொடுத்தாகிவிட்டது. தனக்குச் சேர வேண்டியது முழுவதும் கிடைத்துவிட்டது, இனி அப்பாவின் சொத்தில் உரிமை கோர மாட்டேன் என்று அவர் பதிவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருக்கிறார். பங்கை வாங்கிக்கொண்டவருக்கு மறுபடி எதற்குப் பங்கு?

தம்பிக்காக ஆஜரானவர் என்னைவிடத் தொழிலில் மூத்த ஒரு பெண் வழக்கறிஞர். உப்பளத்திலேயே பிறந்து வளர்ந்தவர், அவரும் கத்தோலிக்கர். சாட்சியிடம் குரல் உயர்த்த மாட்டார். கூண்டில் நிற்பவர் வீட்டுக்கு வந்த விருந்தாளி என்பதுபோலப் பேசுவார். கேள்விகள் முடிந்த பிறகுதான் சாட்சிக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். அன்று காலை அவர் மதலேனைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார்.

"முதலியார்பேட்டை வீடு யாரும்மா குடுத்தது?"

"பப்பா."

"எதுக்குக் குடுத்தாரு?"

"என் பாகத்துக்கு."

"பத்திரத்துல இருக்கிற கையெழுத்து உங்களுதுதானே?"

"என்னுதுதான். அன்னிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இருந்தவங்க எல்லாருக்கும் காப்பி வாங்கிக் குடுத்தேன். இவனுக்கு ரெண்டு." தம்பியைக் கையால் காட்டினார். பின்வரிசையில் சிரிப்பு.

"சந்தோஷம். அப்போ உங்க பங்கு அதோட முடிஞ்சிபோச்சு?"

"என் பாகம் முடிஞ்சிபோச்சு."

"முடிஞ்சிபோச்சு இல்ல? அப்புறம் இந்த ஷேர் எதுக்கும்மா?"

"அது பங்குக்குங்க."

"பங்கு முடிஞ்சிபோச்சுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"பாகம் முடிஞ்சிபோச்சுன்னேன். பாகம் வேற, பங்கு வேறங்க. பப்பா எங்கிட்ட குடுத்தது பங்குக்கு."

தட்டச்சரின் விரல்கள் நின்றது அப்போதுதான்.

இன்னொன்றையும் பார்த்தேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உடனே அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். கையிலிருந்த தாளைத் திருப்பினார். மறுபக்கம் வெறுமையாக இருந்தது. எனக்குப் புரிவதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் உணவு இடைவேளைக்குப் பிறகு தொடர அனுமதி கேட்டார். நீதிபதி எழுந்தார்.

கத்தோலிக்க வீடுகளில் 'பங்கு' என்றால் கோயிலும் அதைச் சேர்ந்த மக்களும். பங்கு சாமியார், பங்குப் பேரவை என்பதெல்லாம் பத்திரிகையில் நானே எழுதிய சொற்கள். ஆனால் ஷேர்களைப் பற்றிய வழக்கில், ஷேர் என்று ஒவ்வொரு பக்கத்திலும் அச்சாகியிருக்கும் கட்டுகளுக்கு நடுவில், அந்தப் பொருள் ஒருவர் மனதிலும் எழவில்லை.

தாழ்வாரத்தில் மதலேன் அம்மாளிடம் கேட்டேன்.

"கோயில் பங்குதான் சார். வேற எந்தப் பங்கு?" என்றார், ஏதோ விளையாட்டாகக் கேட்கிறேன் என்பதுபோல.

"அப்பா என்ன சொன்னார்னு அப்படியே சொல்லுங்க."

"சாவு ஐஸுக்கு சார். நம்ம பங்குல எந்த வீட்டுல சாவு வுழுந்தாலும் பப்பா ஐஸ் அனுப்பிடுவாரு. புள்ளைங்க பிரான்ஸ்லேருந்து வர்ற வரைக்கும் ஒடம்ப வெக்கணும்ல? ரெண்டு நாளோ மூணு நாளோ. ஒருத்தங்ககிட்டயும் துட்டு வாங்க மாட்டாரு. தனக்கப்புறம் இவன் கம்பெனிய வித்துடுவான்னு பப்பாவுக்குத் தெரியும். வாங்குறவன் குடுப்பானா? அதான், 'இத பங்குக்கு வெச்சிரு, வர்ற லாபத்துல சாவு வூட்டுக்கு வேண்டியது நடக்கட்டும்'னு எம் பேர்ல எழுதினாரு."

"கோயில் பேர்லயே எழுதியிருக்கலாமே?"

"சாமியாருங்க மாறிக்கினே இருப்பாங்க, நீதான் இங்கயே கெடக்கப்போறன்னாரு."

"இதை ஏன் முதல்லயே வக்கீல்கிட்ட சொல்லல?"

அவருக்குக் கோபம் வந்தது. "சொன்னேனே சார்! மொத நாளே சொன்னேன். பங்குக்குக் குடுத்தாருன்னு சொன்னேன். எழுதிக்கினாரு. அப்புறம் தமிழ்ல படிச்சும் காட்டினாரு. 'பங்குக்காகக் கொடுத்தார்'னு படிச்சாரு. சரியாத்தானே இருக்குதுன்னு கையெழுத்துப் போட்டேன்."

இங்கே நீங்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய வழக்குரையைக் கட்சிக்காரருக்குத் தமிழில் படித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டுக் கையெழுத்து வாங்குவது நம் வழக்கம். தவறு நடக்காமலிருக்க நம்மிடம் உள்ள பெரிய காவல் அதுதான். இந்த வழக்கில் அந்தக் காவல் ஒழுங்காக வேலை செய்தது. அவர் சொன்ன சொல் ஆங்கிலத்துக்குப் போய், வேறு பொருளாகி, தமிழுக்குத் திரும்பும்போது மறுபடி அதே சொல்லாக வந்து நின்றது. அவர் தன் சொல்லைக் கேட்டார், தலையாட்டினார். எழுதியவர் அந்தத் தலையாட்டலைப் பார்த்தார், திருப்தியானார். இருவரும் கவனமாகத்தான் இருந்தார்கள்.

"இங்கிலீஷ்ல இன்னா சார் எழுதியிருக்குது?" என்று கேட்டார்.

சொன்னேன். உங்களுக்குச் சேர வேண்டிய பங்குக்காக, உங்களுக்கே சொந்தமாக என்று எழுதியிருக்கிறது என்றேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "அப்ப இத்தினி நாளும் எனக்குன்னா கேட்டுக்கினு நின்னேன்?"

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வூடு வாங்கிக்கினு, அது பத்தாம தம்பி மேல கேஸ் போட்டவன்னு பேசினாங்க சார். பூசை முடிஞ்சா எம்மூஞ்சப் பாக்காம போவாங்க. பொறாமைல பேசறாங்கன்னு நெனச்சேன். அவங்க கேஸைப் படிச்சிட்டுத்தான் பேசியிருக்காங்க." என் கையிலிருந்த வழக்குக் கட்டைக் காட்டிச் சொன்னார்: "ஷேர் வந்தா வருது, போனா போவுது. எனக்குன்னு கேக்கலன்னு அதுல எழுதணும் சார்."

அவர் கேட்டது எளிதாகத் தோன்றும். அது எளிதல்ல. வழக்குரையில் இல்லாததைக் கூண்டில் நின்று எவ்வளவு உண்மையாகச் சொன்னாலும் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளாது. எனவே வழக்குரையைத் திருத்த வேண்டும். ஆனால் சாட்சி விசாரணை தொடங்கிய பிறகு திருத்தம் கேட்டால், உரிய கவனத்தோடு இருந்தும் முன்பே இதைச் சொல்ல முடியாமல் போனது ஏன் என்று நீதிமன்றத்தை நம்பவைக்க வேண்டும் என்ற தடை சட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த காலம் அது. விசாரணை நடுவில் மனுப் போட்டு வழக்கை இழுப்பவர்களுக்காக வந்த தடை. நியாயமான தடை.

கம்பெனிச் சட்டப் பகுதிகளை என்னோடு பார்த்துக்கொண்ட சக வழக்கறிஞர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், மத்தியானம் மறுவிசாரணையில ஒரே ஒரு கேள்வி கேளுங்க. 'உங்க பங்குக்குத்தானே?'ன்னு கேளுங்க. அந்தம்மா ஆமாம்னுதான் சொல்லும். அதுக்கு எல்லாப் பங்கும் ஒண்ணுதான். ஒரு தகப்பன் ரெண்டாந்தரமும் குடுக்கலாமே. அதுல இன்னும் உயிர் இருக்கு."

அவர் கெட்ட மனிதர் அல்ல. கணக்கு சரியாகவே போட்டார். திருத்தம் கேட்காவிட்டால் பழைய கதைக்குக் கொஞ்சம் உயிர் இருந்தது. கேட்டு மறுக்கப்பட்டால் இரண்டும் போய்விடும். ஏனென்றால் மனுவிலேயே, பழைய கதை தவறு என்று நாங்கள் சத்தியம் செய்திருப்போம். திரும்பி வர வழியில்லாத பாதை.

ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து அவர் சொன்னதைக் கேட்ட பிறகு, ஏழாவது பத்தி உண்மையல்ல என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அதை ஊன்றுகோலாக வைத்து ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது. இளையவர்கள் இதைத் துணிச்சல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே எனக்கு இரண்டு வழி இருக்கவில்லை.

மத்தியானம் நீதிமன்றம் கூடியதும் எழுந்து, வழக்குரையைத் திருத்த மனுத் தாக்கல் செய்யப் போகிறோம், அதுவரை சாட்சி விசாரணையை நிறுத்திவைக்க வேண்டும் என்றேன். சென்னை நிறுவனத்தின் வழக்கறிஞர் சிரித்தார். எதிர்த்தரப்பு அம்மையார் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் சாரம் பகுதியில் இருந்த என் அலுவலகத்தில் மனுவை எழுத உட்கார்ந்தோம். சக வழக்கறிஞர் தன் பழக்கப்படி 'மாற்றாக' என்று ஒரு பத்தி சேர்த்தார். ஷேர்கள் வாதிக்குச் சொந்தம், அல்லது வாதி அவற்றைப் பங்கு மக்களுக்காக வைத்திருக்கிறார். ஒரு கதவு மூடினால் இன்னொன்று. நாமெல்லாம் எழுதுவது அப்படித்தான். மதலேன் அம்மாளுக்குத் தமிழில் சொன்னேன். இந்த முறை ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன புரிந்தது என்று அவரையே திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

"அல்லதுன்னா இன்னா சார்?"

"உங்களுக்கு. அது இல்லன்னா கோயில் பங்குக்கு."

"அல்லது வேணாம்."

"அது ஒரு பாதுகாப்புக்கும்மா," என்றார் சக வழக்கறிஞர்.

"யாருக்குப் பாதுகாப்பு? எனக்கா? அல்லது வேணாம்பா, அடிச்சிடு."

அடித்தார். பல ஆண்டுகள் திருத்த மனுக்களைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று தெரியும். கடைசி நேரத்தில் வந்து புதிதாக ஒன்றைக் கேட்பவரை நீதிபதி சந்தேகத்தோடு பார்ப்பார். கேட்டதை விட்டுக்கொடுக்க வந்தவரை நிமிர்ந்து பார்ப்பார். அந்த 'அல்லது' இருந்திருந்தால், நாங்களும் வழக்கை இழுக்க வந்தவர்களாகவே தெரிந்திருப்போம்.

உரிய கவனம் இருந்தது என்பதை நிரூபிக்க, வழக்குரையை எழுதியவரே சத்தியப் பிரமாணம் தர வேண்டியிருந்தது. அவர் இப்போது அரசுத் தரப்பில் இருந்தார். தன் பிழையை எழுதிக் கையெழுத்திட்டால், அதை வேறு வழக்குகளில் எடுத்துக்காட்டிக் கேலி செய்ய ஆள் இருந்தது. நான் போய் விஷயத்தைச் சொன்னதும் முதலில் வாய்விட்டுச் சிரித்தார்.

"பங்குன்னா எங்க ஊர்ல கெணத்துப் பங்கு சார். கால் பங்கு, அரைக்கால் பங்கு. அதுக்குத்தான் எங்க தாத்தாவும் பெரிய தாத்தாவும் பேசாமலே செத்தாங்க." பிறகு சிரிப்பு நின்றது. "அந்தம்மா தெளிவாத்தான் சொல்லிச்சு. எனக்கு ஞாபகம் இருக்கு."

"மொழிபெயர்ப்புப் பிழைன்னு பொதுவா ஒரு வரி போட்டுக்கலாம்," என்றேன். அவருக்குக் காயம் குறைவாக இருக்கட்டும் என்றுதான்.

"வேணாம் சார். மொழிபெயர்ப்பு சரி. நான் கேட்டதுதான் தப்பு." அவரே வாசகத்தைச் சொன்னார்: வாதி சொன்ன சொல்லை என் ஊர் வழக்கப்படி புரிந்துகொண்டேன், வேறு பொருள் உண்டா என்று கேட்கவில்லை. படித்துப் பார்த்து, பெயருக்குக் கீழே தன் புதிய பதவியையும் எழுதினார். அது தேவையே இல்லை. நான் கடன்பட்ட இரண்டாவது ஆள் அவர்.

மனு விசாரணைக்கு வந்த அன்று நான் அதிகம் பேசவில்லை. பேச எதிர்த்தரப்புக்குத்தான் நிறைய இருந்தது. அம்மையார் எழுந்து முறையாக, அடுக்கடுக்காகத் தாக்கினார். விசாரணை தொடங்கிவிட்டது. வாதி படித்தவர். வழக்கின் இயல்பையே இது மாற்றுகிறது. இத்தனை நாள் தனக்கென்று கேட்டவர், பத்திரத்தைக் காட்டி மடக்கியதும் கோயிலுக்கென்று சொல்கிறார். ஒவ்வொன்றும் நல்ல வாதம். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

நீதிபதி ஊருக்குப் புதியவர். கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்து அவரிடமே கேட்டார்.

"மேடம், எனக்கு ஒரு சந்தேகம். நீங்க இந்த ஊர். இந்த வழக்கம் எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு கத்தோலிக்க வீட்டுல, ஒரு பெரியவர், 'பங்குக்குக் குடுத்தேன்'னு சொன்னா, கேக்கறவங்களுக்கு என்ன புரியும்?"

அவர் தப்பிக்கப் பல வழிகள் இருந்தன. அது சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டிய விஷயம் என்று சொல்லியிருக்கலாம். என் கட்சிக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டையும் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்துவான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோயில்னுதான் புரியும், யுவர் ஆனர்," என்றார். "எங்க வீட்டுல பங்குன்னா முதல்ல கோயில். சொத்துல வர்றதைப் பாகம்னுதான் சொல்லுவோம்."

சென்னை வழக்கறிஞர் துள்ளி எழுந்தார். "அது மேடத்தோட சொந்தக் கருத்து, யுவர் ஆனர்."

அம்மையார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கருத்து இல்லீங்க சார். தமிழ்."

பிறகு அதே மூச்சில் மறுபடி எங்களைத் தாக்கினார். பொருள் அதுவே ஆனாலும், இவ்வளவு காலம் பங்கு சாமியாரிடம்கூட வாதி ஒரு வார்த்தை சொல்லவில்லையே, இது என்ன கவனம் என்று கேட்டார். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிட்டு, அந்த உண்மைக்கு அப்பால் மிச்சமிருந்த இடத்தில் நின்று கட்சிக்காரருக்காக முழுப் பலத்தோடு போராடினார். இரண்டையும் ஒரே ஆள், ஒரே நிமிடத்தில் செய்ய முடியும் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன். என் பக்கத்து மேசையில் நின்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் உண்டு. எதிர் மேசையில் நின்று கற்றுக்கொடுத்தவர் அவர் ஒருவர்தான். நான் கடன்பட்ட மூன்றாவது ஆள் அவர்.

திருத்தம் அனுமதிக்கப்பட்டது. எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கட்ட வேண்டும், அவர்கள் கூடுதல் பதிலுரை தாக்கல் செய்யலாம், வாதியை மறுபடி குறுக்கு விசாரணை செய்யலாம் என்பவை நிபந்தனைகள். வாதி தன் சொல்லை ஆரம்பம் முதல் மாற்றவே இல்லை, கேட்டவர்கள் மாற்றிப் புரிந்துகொண்டார்கள், இதை அவருடைய கவனக்குறைவு என்று சொல்ல முடியாது என்று நீதிபதி எழுதினார்.

வெளியே வந்ததும் அம்மையாருக்கு நன்றி சொன்னேன்.

"நன்றி எதுக்கு சார்? வர்ற வாய்தாவுல உங்க அம்மாவ விட மாட்டேன், சொல்லி வெய்ங்க."

விடவில்லை. அடுத்த விசாரணையில் மதலேன் அம்மாளை ஒரு முழுக் காலை கூண்டில் நிற்க வைத்தார்.

"பங்குக்குன்னா, சாமியார்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா பூசையில சொல்லிடுவாருங்க. பப்பா பேரச் சொல்லி எல்லாரையும் கை தட்டச் சொல்லுவாரு. பப்பாவுக்கு அது புடிக்காது."

"புடிக்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சாவு வூட்டுக்கு ஐஸ் எறக்கச் சொல்ல, வண்டிய தெருக்கோடியிலயே நிறுத்திடுவாரு. கம்பெனி பேர் போட்ட வண்டி வாசல்ல நிக்கக் கூடாதுன்னு." தம்பியைப் பார்த்தார். "அவனக் கேளுங்க. அங்கேருந்து தூக்கிக்கினு வர்றது அவன்தான். சணல் சாக்குல சுத்தி, தோள்ல வெச்சி."

அம்மையார் குறிப்புத்தாளை மடித்தார். வேறு கேள்வி இல்லை என்றார். எனக்கு மறுவிசாரணை இல்லை. இனி கூண்டில் ஏற வேண்டியவர் அந்துவான்.

இடைவேளையில் அம்மையாரும் அந்துவானும் வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. முக்கால்வாசி நேரம் பேசியவர் அம்மையார். பிறகு அந்துவான் தனியாக எங்கள் பெஞ்சுக்கு வந்து அக்காவின் முன்னால் நின்றார்.

"பங்குக்குன்னா கோயிலுக்குன்னு மொதல்லயே ஒடைச்சிச் சொல்றதுக்கு இன்னாக்கா?"

"இன்னாத்த ஒடைக்கிறது? பப்பா செத்த அன்னிக்கே ஒங்கிட்ட சொன்னேன். அது பங்குக்குடான்னேன்."

"நான் நாள் பூரா ஷேர், பங்குன்னு பேசிக்கினு இருக்கறவன். உம் பங்கக் கேக்கறேன்னு நெனச்சேன்."

"நல்லா நெனச்ச. கோயிலுக்குப் போயிருந்தா ஞாபகம் வந்திருக்கும்."

"வந்தா மட்டும்? நீதான் மொத பெஞ்சுல உக்காந்துக்கினு மொறைக்கிறியே."

"மொறைக்காம? மூஞ்சப் பாரு. சாப்ட்டியா?"

அவர் உண்மையிலேயே அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தாரா என்பது எனக்குத் தெரியாது. பத்திரிகையில் இருந்திருந்தால் 'என்று அவர் கூறினார்' என்று எழுதி நிறுத்தியிருப்பேன். மதலேன் அம்மாள் நம்பினார். அவருடைய வழக்கறிஞராக எனக்கு அது போதுமாக இருந்தது.

மத்தியானம் இரு தரப்பும் சேர்ந்து சமரசத்துக்கு அவகாசம் கேட்டோம். சென்னை நிறுவனத்துக்குக் கோபம்தான். ஆனால் அந்த ஷேர்கள் இல்லாமல் மற்றதை வாங்க அவர்கள் கடைசியில் சம்மதித்தார்கள். பெரியவரின் ஷேர்கள் ஓர் அறக்கட்டளைக்குப் போயின. பங்கு சாமியாரும் செய்தியைப் பூசையில் சொல்லவில்லை. மதலேன் அம்மாள் நேரில் போய்க் கேட்டுக்கொண்டிருந்தார்.

உங்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது அதிகமில்லை. கட்சிக்காரர் சொன்ன சொல்லையே நீங்கள் திரும்பப் படித்துக்காட்டினால் அவர் ஆமாம் என்றுதான் சொல்வார். வேறு சொல்லில் கேளுங்கள். பிழை தெரிந்ததும் அன்றைக்கே எழுந்து நில்லுங்கள். ஒரு நாள் தள்ளினால்கூட அது உங்கள் பிழையாகிவிடும். நீதிபதி உங்களுக்கு எதிரான உண்மையை உங்களிடமே கேட்கும் நாளும் வரும். அன்றைக்கு உப்பளத்து அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரை அவர் அனுமதியில்லாமல் எழுத எனக்கு உரிமையில்லை. இன்றும் எந்த இளம் வழக்கறிஞரையாவது அவரிடம் வேலைக்குச் சேர்த்துவிட முடியுமானால், அந்த ஆளுக்கு நான் செய்யக்கூடிய பெரிய உதவி அதுவாக இருக்கும்.

சமரசத்தில் முடிந்ததால் அந்த வழக்கில் தீர்ப்பு எழுதப்படவில்லை. எல்லாம் முடிந்த வாரத்தில், சான்று நகல் கேட்கும் படிவத்தை நிரப்ப மதலேன் அம்மாள் என் அலுவலகத்துக்கு வந்தார். சமரச ஆணையின் நகல் தனக்கு வேண்டாம் என்றார். திருத்திய வழக்குரையின் நகலுக்கு மட்டும் விண்ணப்பித்தார்.